இரண்டாவது குளியலறை

யாருக்கோ சொந்தமான ஒரு வீட்டின் சாவி நேற்று மாலை அம்மாவின் கைப்பைக்குள் வந்தது. இன்று மாலை திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கும்போது கூடவே ஒரு பதிலையும் சொல்ல வேண்டும்: வாங்குகிறோம், அல்லது வாங்கவில்லை.

இப்போது வாடகைக்கு இருக்கும் வீட்டை உரிமையாளர் விற்கப்போகிறார். நகரத்துக்குள் வேறு வீடு பார்த்துப் பார்த்து அப்பாவின் செருப்புதான் தேய்ந்தது. "நம்ம காசுக்கு ஊருக்குள்ள கிடைக்கிறது ஒரு ரூமும் ஒரு பெருமூச்சும்தான்" என்று அத்தை சொல்லிவிட்டாள். அதனால்தான் ரயில் பாதை முடிகிற இடத்துக்கு வந்து சேர்ந்தோம். மூன்று அறைகள், இரண்டு குளியலறைகள், மூன்றாவது மாடி, லிஃப்ட். எங்கள் கைக்கு எட்டுகிற விலை. எட்டாதது தூரம் மட்டுந்தான்.

வீட்டைக் காட்டிய புரோக்கருக்கு அது தூரமே இல்லை. ஸ்டேஷன் எங்கே என்று கேட்டால் "கிட்டத்தான்" என்பார். கடை? "கிட்டத்தான்." மருத்துவமனை? அதுவும் கிட்டத்தான். அத்தை அவருக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டாள்.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "ஒரு நாள் இங்க இருந்து பாக்கணும். ராத்திரி தூங்கி, காலைல எந்திரிச்சு, இங்கிருந்தே வேலைக்குப் போய்ட்டுத் திரும்பி வரணும். ஒத்திகை. அதுக்கப்புறம்தான் பதில்."

கிட்டத்தான் தன் தொழில் வாழ்க்கையில் இப்படி ஒரு கோரிக்கையைக் கேட்டதில்லை. ஆனாலும் உரிமையாளரிடம் பேசிச் சாவி வாங்கித் தந்தார்.

பாய்கள், ஃபிளாஸ்க், ரொட்டி, ஒரு வாளி, முகம் பார்க்கும் கண்ணாடி. இவ்வளவுதான் எங்கள் மூட்டை. கண்ணாடி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வாடகை வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் கண்ணாடி எப்போதும் மேஜைமேல் சாய்ந்தே இருக்கும். எங்கள் வீட்டில் எல்லோரும் குனிந்துதான் தலை வாருவோம். அம்மாவின் கைப்பையில் சாவியோடு ஓர் ஆணியும் இருந்தது. அவள் சொல்லவில்லை. நான் பார்த்தேன்.

நான் பார்த்த இன்னொன்றையும் நானும் சொல்லவில்லை. ஸ்டேஷனிலிருந்து இந்தக் குடியிருப்புக்கு ஒரு மினி பஸ்தான். அதன் கடைசி நடை எப்போது என்று ஸ்டேஷன் வாசல் போர்டில் எழுதியிருக்கிறது. என் மாலை வகுப்பு முடிவதற்கு வெகுநேரம் முன்பே அது போய்விடும். பஸ் போன பிறகு அந்தச் சாலையில் தெருவிளக்கும் இல்லை, ஆள் நடமாட்டமும் இல்லை. பகலில் கண்ணாடிக் கடை வேலை, மாலையில் கட்டட வரைபடப் படிப்பு என்று ஓடுகிறவள் நான். இந்த வீடு வந்தால் படிப்பு போகும். என் கணக்குத் தப்பாக இருக்குமோ என்று திரும்பிப் போய் ஒருமுறை படித்தேன். தப்பில்லை.

ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா ஒவ்வொரு சுவரையும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனாள். அதைப் பார்த்த பிறகு வாய் எப்படி வரும்?

காலையில் அப்பாதான் முதலில் குளிக்கப் போனார்.

எங்கள் வீட்டு வரிசை மாறாது. அப்பா, அம்மா, அத்தை, நான். தோளில் துண்டோடு மூன்று பேரும் கதவுக்கு வெளியே நின்றோம்.

"அண்ணே, உள்ள குளிக்கிறியா, லிஃப்ட் ஏதாவது ரிப்பேர் பண்றியா?" அத்தை கதவைத் தட்டினாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஆனால் வாழ்நாள் முழுவதும் லிஃப்ட் இல்லாத கட்டடங்களில்தான் குடியிருந்திருக்கிறார். நேற்று இங்கே வந்ததும் சமையலறையைக்கூடப் பார்க்காமல் லிஃப்டில் மூன்று தடவை ஏறி இறங்கிவிட்டு, "கேபிள் நல்லாருக்கு. வீடும் நல்லாத்தான் இருக்கும்" என்று தீர்ப்புச் சொன்னவர்.

"தண்ணி என்ன வேகத்துல வருது தெரியுமா?" என்றது உள்ளிருந்து குரல்.

"தெரியாது. எங்களுக்கும் காட்டினா தெரிஞ்சுக்குவோம்."

அம்மா போனாள். பிறகு அத்தை. அவள் வெளியே வந்தபோது ரயிலுக்குக் கொஞ்ச நேரந்தான் பாக்கி. நான் காக்கைக் குளியல் போட்டுவிட்டு ஓடி வந்தேன். எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

"பின்ரூம் ஜன்னலைச் சாத்திட்டு வா" என்றாள் அம்மா.

ஜன்னலைச் சாத்தினேன். காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, சுவரோடு ஒட்டித் திறந்து கிடந்த அறைக் கதவையும் இழுத்தேன். அதன் பின்னால் இன்னொரு கதவு இருந்தது. அதையும் திறந்தேன். குழாய், ஷவர், ஒரு துளிகூட ஈரமில்லாத தரை.

நான் அங்கேயே நின்றேன். நேற்று இரவு இந்த வீட்டின் வரைபடத்தை நானே போட்டேன். ஒவ்வொரு அறையையும் அளந்தேன். இந்தக் கதவு திறக்கும் வளைவைக்கூடப் புள்ளிக்கோடாகப் போட்டு, பக்கத்தில் 'குளியலறை – 2' என்று எழுதினேன்.

"என்னடி பண்றே?" அம்மா வந்தாள். பின்னாலேயே மற்ற இருவரும்.

நாலு பேரும் அந்தக் காய்ந்த தரையைப் பார்த்தோம்.

"இதை நீ வரைஞ்சேல்ல?" என்றாள் அம்மா.

"வரைஞ்சேன்."

"அப்புறம் எதுக்கு வரிசைல நின்னே?"

"எல்லாரும் நின்னீங்களே."

அத்தைக்குச் சிரிப்பு வந்தால் கால் நிற்காது. சுவரில் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏய் ஸ்கேலு, ஊரையே அளப்பே... கதவுக்குப் பின்னால ஒரு ரூம் இருக்கறது..." அதற்குமேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை. எதைப் பார்த்தாலும் நான் அளப்பதால் அவள் எனக்கு வைத்த பெயர் அது.

அப்பா மட்டும் நியாயமாகப் பேசினார். "ரெண்டு இருக்குன்னுதானே இந்த வீட்டையே பார்க்க வந்தோம்."

"வந்தோம். பார்த்தோம். பழக்கதோஷம், ஒண்ணுக்கு முன்னால போய் நின்னோம்" என்றாள் அம்மா. அவளுக்கும் உதடு துடித்தது.

தூரத்தில் விரைவு ரயில் ஊதியது. நாங்கள் இல்லாமலே அது புறப்பட்டுப் போனது.

அடுத்து இருந்தது எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்று போகிற ரயில். அம்மா ஃபோனை எடுத்து, மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தன்னோடு வேலை செய்கிறவளிடம் காலை மாதிரிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். காரணம் கேட்டிருப்பாள் போல. "குளியலறை பிரச்சினை" என்றாள் அம்மா. "இல்லடி, தண்ணியெல்லாம் வருது. அப்புறம் சொல்றேன்."

ஒத்திகை தோற்றுவிட்டது என்றே நினைத்தேன். எனக்கு வருத்தமா நிம்மதியா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நிம்மதி என்று பதில் வந்ததும் வெட்கமாக இருந்தது.

ரயில் பெட்டிக்குள் ஏறியதும் அம்மா படியருகிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன அண்ணி, ஏறினவங்க உள்ள போங்க."

"ஆளே இல்லையே" என்றாள் அம்மா.

பெட்டி முழுக்கக் காலி இருக்கைகள். ஜன்னலோரம், காற்று வரும் பக்கம், எதிரெதிராக நாலு பேர் உட்காரும் இடம். எது வேண்டுமோ அது. அம்மா ஒரு ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். உடனே எழுந்து எதிர்ப்பக்க ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தாள். மறுபடி பழைய இடத்துக்கே வந்தாள்.

இப்போதைய வீட்டிலிருந்து அவள் பஸ்ஸில் போகிறாள். தூரம் குறைவுதான். ஆனால் இத்தனை வருஷத்தில் உட்கார இடம் கிடைத்தது கை விரல் விட்டு எண்ணுகிற தடவைகள்தான். கம்பியைப் பிடித்துப் பிடித்து வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. இதை நான் அளந்து சொல்லவில்லை, கண்ணால் பார்த்தாலே தெரியும்.

"கடைசி ஸ்டேஷன்னு சொல்லி நம்மை எல்லாரும் பயமுறுத்துனாங்களே" என்றாள் அத்தை, காலை நீட்டிக்கொண்டு. "போறதுக்கு இதுதானே முதல் ஸ்டேஷன்."

அப்பா ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார். நாங்கள் நாலு பேரும் எதிரெதிராக உட்கார்ந்து சாப்பிட்டோம். எங்கள் வீட்டு மேஜையில் ஒரே சமயத்தில் இரண்டு பேர்தான் சாப்பிட முடியும். கடைசியாக எப்போது இப்படி உட்கார்ந்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

மூன்றாவது ஸ்டேஷன் வருவதற்குள் அம்மா தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆட்கள் ஏற ஆரம்பித்தார்கள். நின்றார்கள், நெருக்கினார்கள். அம்மாவின் கைப்பையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்ட அத்தை, "எழுப்பாதே" என்று எனக்குச் சைகை காட்டினாள். பிறகு ரகசியமாக, "உங்கம்மா தூங்கி நான் இன்னிக்குத்தான் பார்க்கறேன். எப்பவும் நாம தூங்கினப்புறம் படுப்பா, நாம எந்திரிக்கறதுக்கு முன்னால எந்திரிப்பா. தூங்குறாளா இல்லையான்னே எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு."

நகரம் வந்ததும் எழுந்த அம்மாவின் முகம் கழுவி வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது.

அப்போதே முடிவு செய்துவிட்டேன். இன்று மாலை வீட்டுக்கு ஓட்டெடுக்கும்போது, வேண்டும் என்று கையைத் தூக்குவது. படிப்பைப் பற்றி யாராவது கேட்டால், எனக்கே அதில் விருப்பம் குறைந்துவிட்டது என்று சொல்லிவிடுவது.

மாலை வகுப்பில் மாடிப்படி வரைய வேண்டிய பாடம். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஒரு படி தப்பினாலும் கடைசிப் படி தரையைத் தொடாது. பாதி வரைந்ததும் மினி பஸ்ஸை நினைத்து எழுந்தேன். என் மாடிப்படி அந்தரத்தில் நின்றது. தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

பிளாட்பாரத்தில் அத்தை நின்றிருந்தாள். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை முடித்து வந்த களைப்பு.

"என்ன ஸ்கேலு, கிளாஸ் இல்லையா?"

"சார் வரலை அத்தை."

"ஏன், என்னவாம்?"

"உடம்பு சரியில்லை."

"என்ன உடம்புக்கு?"

இதற்கு நான் பதில் தயார் செய்து வைத்திருக்கவில்லை. "பல்லு" என்றேன்.

"பாவம்" என்றாள் அத்தை. அதோடு விட்டுவிட்டாள். அவள் அப்படிச் சட்டென்று எதையும் விடுகிறவள் இல்லையே என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

காலையில் உட்கார்ந்து போன பாதையில் மாலையில் நின்றுதான் வந்தோம். பாதி வழிக்குமேல்தான் இடம் கிடைத்தது. அதையும் மறைக்காமல் கணக்கில் சேர்க்க வேண்டும் அல்லவா? சேர்த்தேன். இருந்தாலும் அம்மாவின் தூக்கம்தான் கனத்தது.

வீட்டில் அம்மா எங்களுக்கு முன்பே வந்து சுத்தியலோடு காத்திருந்தாள். பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கினாளாம். கண்ணாடி கூடத்துச் சுவரோரம் சாய்ந்திருந்தது. அப்பா வந்ததும் வராததுமாக, லிஃப்ட் மோட்டாரின் சத்தத்தைக் கேட்க மொட்டைமாடிக்குப் போயிருந்தார்.

"அவர் வர்றதுக்குள்ள நாம கையைத் தூக்கிருவோம்" என்றாள் அம்மா. "யாருக்கெல்லாம் இந்த வீடு வேணும்?"

நான்தான் முதலில் தூக்கினேன். கொஞ்சம் அவசரமாகவே.

அத்தை என் முழங்கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "முதல்ல பல்லைப் பத்திச் சொல்லு."

"எந்தப் பல்லு?" என்றாள் அம்மா.

"இவ சாரோட பல்லு. கிளாஸ் முடியாம ஓடி வந்திருக்கா அண்ணி. கக்கத்துல பாதிப் படிக்கட்டு. மினி பஸ் போர்டை நேத்து ரெண்டு தடவை நின்னு படிச்சா. இவ படிச்சதை நானும் படிச்சேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். "எனக்கே அந்தப் படிப்புல இப்ப விருப்பம் கொறைஞ்சிருச்சும்மா."

"தாளைக் குடு."

கொடுத்தேன். பிரித்துப் பார்த்தாள். ரத்தத் துளிக்குள் இருப்பதை எண்ணிப் பழகிய கண் அது. ஒவ்வொரு படியாகப் பார்த்தது. கடைசியில், கோடு நின்றுபோன இடத்தில் அவள் விரலும் நின்றது.

"விருப்பம் இல்லாதவ போடற கோடா இது?"

அம்மா ஆணியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். "இந்த வீடு வேண்டாம். நான் நின்னுக்கிட்டே போறேன். எனக்கு அது பழக்கம்தான்."

"அம்மா, நீ காலைல தூங்கினே."

"தூங்கினா என்ன? தூங்கறதுக்காக யாராவது வீடு வாங்குவாங்களா?"

"அதுக்குத்தான் அண்ணி வாங்குறாங்க" என்றாள் அத்தை. அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் அப்பா வந்தார். தலையில் ஒட்டடை. எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "என்ன, மினி பஸ்ஸா?" என்றார்.

"உங்களுக்கும் தெரியுமா?"

"அந்தப் போர்டு என்ன ரகசியமா? நேத்து வாக்கிங் போனப்ப பார்த்தேன்." கை கழுவ முதல் குளியலறைப் பக்கம் திரும்பியவர் நின்று, யோசித்து, பெருமையோடு இரண்டாவது குளியலறைக்குப் போனார். அங்கிருந்தே சத்தமாகப் பேசினார். "இன்னிக்கு லேட்டாப் போனதுக்கு சூப்பர்வைசர் பிடிச்சுக்கிட்டார். எங்கிருந்து வர்றீங்கன்னு கேட்டார். இடத்தைச் சொன்னேன். கோவம் போயிருச்சு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கன்னுட்டார்."

"ஏனாம்?"

"இந்தப் பக்கம் எத்தனை புதுக் கட்டடம்! எல்லாத்துலயும் லிஃப்ட். ஏதாவது பாதில நின்னா நகரத்துல இருந்து ஆள் வந்து சேர்றதுக்குள்ள உள்ள மாட்டினவங்க குடும்பமே நடத்திருவாங்க. இங்கயே குடியிருக்கிற மெக்கானிக் ஒருத்தர் வேணும்னு ஆறு மாசமாத் தேடறாங்களாம். கம்பெனி வேன் தருவாங்க. வீட்டுக்கே எடுத்துட்டு வரலாம்."

அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டாள். "கீழ ஒரு பார்க்கிங் இடம் இருக்கே. வண்டி இல்லாதவனுக்கு எதுக்குன்னு நேத்து நீதானே கேட்டே?"

"கேட்டேன்" என்றார் அப்பா, துண்டால் துடைத்துக்கொண்டே வெளியே வந்து. என்னைப் பார்த்தார். "சாயங்கால வேலையை நகரத்துலயே முடிச்சுக்கலாமாம். உன் கிளாஸ் விடறப்ப வாசல்ல வேன் நிக்கும். பின்னால டூல்ஸ் கொஞ்சம் சத்தம் போடும். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வேன் எத்தனை அடி நீளம்ப்பா?" என்று வந்தது.

"திங்கட்கிழமை இந்த வீட்டு முகவரியை எழுதிக் குடுக்கணும். குடுத்தா வேலை நமக்கு. இல்லைன்னா வேற ஆள் பாத்துக்குவாங்க."

அம்மா ஜிப்பைத் திறந்தாள்.

நாலு கைகள் ஒன்றாக மேலே போயின. அத்தை இரண்டு கையையும் தூக்கினாள். கள்ள ஓட்டு செல்லாது என்றார் அப்பா. நான் சுவரில் இடம் அளந்தேன். அப்பாவின் உயரம், அத்தையின் உயரம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, யாரும் குனிய வேண்டாத இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். சரியாக வந்ததா என்று சந்தேகம் வந்து மறுபடி அளந்தேன்.

"அளந்தது போதும், தள்ளு" என்றாள் அம்மா. ஆணியைப் பல்லில் கவ்விக்கொண்டு சுத்தியலை ஓங்கினாள்.

வாசல் பூட்டில் சாவி திரும்பியது.

எங்கள் சாவி அம்மாவின் பையில் இருந்தது. இது வேறு சாவி.

கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். அவர் பின்னால் ஓர் அம்மாள், கல்லூரிக்குப் போகிற வயதில் ஒரு பெண். அவர்கள் கையில் சுருட்டிய பாய், ஃபிளாஸ்க், ஒரு வாளி.

இரண்டு குடும்பமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டோம். அவர்களுடைய வாளி எங்களுடையதைவிடப் பெரியது.

"மன்னிச்சுக்குங்க" என்றார் அவர். "காலி வீடுன்னு சொன்னாங்க. நாங்க ஒத்திகைக்கு வந்திருக்கோம்."

"எதுக்கு?" என்றார் அப்பா.

"ஒத்திகை. ஒரு நாள் இருந்து பாக்கறது. இப்ப எல்லாரும் இப்படிப் பாத்துத்தான் வீடு வாங்குறாங்களாம். புரோக்கர் சொன்னார். பிடிச்சிருந்தா காலைலயே அட்வான்ஸ் குடுத்துடலாம்னு இருக்கோம்."

அத்தை மூச்சுக்குள்ளேயே, "கிட்டத்தான்... உன்னை..." என்றாள்.

அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். நேற்று அம்மா தடவிய அதே சுவரை அவளும் உள்ளங்கையால் தடவினாள். கூடத்தைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். முகம் மலர்ந்துகொண்டே வந்தது. பிறகு எங்கள் அம்மாவிடம் திரும்பி, சொந்தக்காரியிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

"வீடு நல்லாருக்குங்க. குளியலறை எத்தனை?"

அம்மா பல்லிலிருந்து ஆணியை எடுத்தாள். அப்பாவைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். தரையில் சுருண்டு கிடந்த என் பாதிப் படிக்கட்டைப் பார்த்தாள்.

"ஒண்ணுதான்" என்றாள்.

நான் மெல்லப் பின்வாங்கிப் போய், பின்னறைக் கதவைச் சுவரோடு சுவராக அகலத் திறந்துவைத்தேன்.